ரைஸ் குக்கருக்கு அடியில் என் டெபாசிட்

வாடகை வீட்டைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்குத்தான் வருவார்கள். நான் வக்கீல் இல்லை. கேட்காமலேயே சொல்கிற ஆள், அவ்வளவுதான். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டினாயா, சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் படமெடுத்தாயா, குளிரூட்டும் ஏர்கோனைக் கழுவிய ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று வாழை இலையில் கோழி வறுவல் விழும் நேரம் பார்த்துக் கேட்பேன். என்னைக் கண்டால் மேசை மாறி உட்காரும் சக ஊழியர்கள் இருவர் உண்டு.

இவ்வளவு பேசும் நான், பிரிக்பீல்ட்ஸில் இரண்டு ஆண்டு குடியிருந்த வீட்டின் டெபாசிட்டைக் கிட்டத்தட்ட மொத்தமாகக் கோட்டை விடப் பார்த்தேன். வீட்டுக்கார ஆன்டி வில்லி என்று நினைக்க வேண்டாம். ஒரு பித்தளைப் பானை, ஒரு லிட்டர் பால், என் அம்மா. மூவரும் கூட்டு.

வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மோனோரயில் வளைந்து போகும்போது ஜன்னல் கண்ணாடி லேசாகப் பல்லைக் கடிக்கும். வாடகை ஆயிரத்து அறுநூறு ரிங்கிட். இரண்டு மாத வாடகை டெபாசிட்டாக மூவாயிரத்து இருநூறு. அதை முதல் வேலையில் சேர்த்த காசிலிருந்து நானே கட்டினேன், ஒப்பந்தமும் என் பெயரில். கூடக் குடிவந்த தோழி மாத வாடகையில் பாதி தருவாள். மற்றபடி எந்தச் சட்டச் சிக்கலிலும் அவளுக்கு ஆர்வம் கிடையாது.

குடிபோகும் நாளுக்கு நான் தயாராக இருந்தேன். வீட்டின் ஒவ்வொரு மூலையையும் சோதிக்க நாற்பத்திரண்டு வரிகளில் பட்டியல். கைப்பேசியில் இடம் போதாதென்று பழைய படங்களை அழித்து வைத்திருந்தேன். கீழே கேட் அருகில் சாவியைக் கொடுத்தபோது ஆன்டி ஒழுங்காகத்தான் சொன்னார்.

"எங்கயாச்சும் உடைசல், ஒழுகல் இருந்தா ஒரு வாரத்துக்குள்ள எழுதி அனுப்பும்மா. அப்பறம் சொன்னா நான் கேக்க மாட்டேன்."

"நாளைக்கே அனுப்பிடறேன் ஆன்டி," என்றேன். அந்தக் குரலில் இருந்த தன்னம்பிக்கை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அம்மா ரவாங்கிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். ஒரு கையில் பித்தளைப் பானை, மறுகையில் உப்பு, மஞ்சள், அரிசி, சாமி படம் கொண்ட பை. நான் கதவைத் திறந்ததும் கைப்பேசியைத் தூக்கி முதல் படத்துக்குக் குறி பார்த்தேன். சமையலறைச் சுவரில் ஒரு டைல் குறுக்கே விரிசல் விட்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது.

"ஐயே, டைல் வெடிச்சிருக்கு..."

"வாய மூடு!" அம்மா பானையால் என் முதுகில் இடித்தார். "கால் எடுத்து வைக்கிறப்பவே குறையா? நல்ல நாளும் அதுவுமா?"

"ம்மா, இது குறை இல்ல. இன்ஸ்பெக்‌ஷன்."

"எந்த செக்‌ஷனா இருந்தாலும் நாளைக்கு. இன்னைக்கு இந்த வீட்டப் பாத்து நல்ல வார்த்தைதான் சொல்லணும். சொல்லு."

"என்னத்த சொல்ல?"

"நல்லா இருக்குன்னு சொல்லு."

சொன்னேன். சொல்லும்போது என் கண் கூடத்துச் சீலிங்கில் இருந்த பழுப்பு நிற ஈரத் திட்டில் நின்றது. மேல் வீட்டு ஒழுகல், சந்தேகமே இல்லை. சமையலறை அலமாரியின் ஒரு கதவு வேறு கீல் கழன்று, உப்பிப்போய்ச் சாய்ந்து தொங்கியது. "ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் தோழி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அடுத்த சிக்கல் அடுப்பு. வீட்டில் பதித்திருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு, பித்தளையைத் தொடவே மாட்டேன் என்றது. பானையை வைத்தால் ஒரு கீச்சொலி எழுப்பிவிட்டு அணைந்துகொண்டது. அம்மா அதைப் பார்த்த பார்வையில் அது இரண்டு நாள் வேலை செய்யாது என்றே நினைத்தேன். தோழி கீழே ஓடிப்போய் ஸ்டீம்போட் அடுப்பு ஒன்று வாங்கி வந்தாள். சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துச் சூப் கொதிக்க விடுவார்களே, அந்தச் சின்ன கேஸ் அடுப்பு. புத்தம் புது வெள்ளைச் சமையல் மேடையில் அது ஏறி உட்கார்ந்தது.

அம்மா பானைக்கு மஞ்சள் பூசியதை மேஸ்திரி பார்த்திருந்தால் வேலைக்கு எடுத்திருப்பார். அவ்வளவு கனம். பால் காய்ந்தது, நுரைத்தது, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. வழியும்போது அந்த மஞ்சளையும் கரைத்துக்கொண்டு மேடையில் குளம் கட்டியது. நான் துணியை எடுத்தேன்.

"தொடாத! சாயங்காலம் வரைக்கும் துடைக்கக் கூடாது. வந்த லட்சுமிய துடைச்சு வெளிய போடுவியா?"

சாயங்காலம் துடைத்தோம். லட்சுமி போய்விட்டார், மஞ்சள் போகவில்லை. தட்டு அளவில் ஒரு வட்டம், மேடையின் வெள்ளைக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருந்தது. சோடா மாவு, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பசை எல்லாம் முயன்றோம். கடைசியில் தோழி ரைஸ் குக்கரைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். "முடிஞ்சிச்சு லா," என்றாள். அவள் பிரச்சினைகளைத் தீர்க்கும் முறை அதுதான்.

மறுநாள் எனக்கு அலுவலகம். அதற்கு மறுநாள் அலமாரிக் கதவைத் தோழி ஒரு திருகாணி போட்டு நிமிர்த்திவிட்டாள். விரிசல் டைலை மறைத்து மசாலா டப்பாக்கள் வந்தன. ஒரு வாரம் போனது, நாற்பத்திரண்டு வரிப் பட்டியல் காலியாகவே இருந்தது. அடுத்தவர்களுக்கு அறிவுரை சொல்வதில் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்துத் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஜோகூருக்குப் போகிறாள். தனியாக அந்த வாடகையை என்னால் தாங்க முடியாது. தேடியதில் கிள்ளானில் ஒரு மாடி வீடு கிடைத்தது. ஆயிரத்து நூறு ரிங்கிட் வாடகை, ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை, எனக்கே எனக்கென்று ஒரு பால்கனி. அந்த பால்கனியைப் பார்த்த நொடியில் நான் காலி. வீட்டுக்கார அங்கிள் மட்டும் கறாராக இருந்தார்.

"ரெண்டரை மாசம் டெபாசிட், சனிக்கெழமக்குள்ள போட்டுரும்மா. இன்னொரு ஃபேமிலியும் கேட்டுக்கிட்டே இருக்கு. உனக்காக நிறுத்தி வச்சிருக்கேன்."

இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரிங்கிட். என் சேமிப்பில் அப்போது இருந்த தொகையைச் சொன்னால் என் அறிவுரையை இனி யாரும் கேட்க மாட்டார்கள். ஆக, ஆன்டியிடம் இருக்கும் டெபாசிட் திரும்பி வந்தால் கிள்ளான். வராவிட்டால் ரவாங்கில் அம்மா வீட்டு ஹால், தம்பியின் வீடியோ கேம் சத்தத்தோடு.

வீட்டைக் காலி செய்வதாக இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்திருந்தேன். தோழி அப்போதே ஒரு யோசனை சொன்னாள்.

"கடைசி ரெண்டு மாசம் வாடகையே கட்டாத லா. டெபாசிட்ல கழிச்சுக்கோங்க ஆன்டின்னு சொல்லிரு. எல்லாரும் அப்பிடித்தான் செய்றாங்க."

"அது ஒப்பந்த மீறல். பன்னெண்டாவது விதி. நாம மீறினா அவங்க என்ன வேணாலும் கழிக்கலாம், வழக்கும் போடலாம்."

"பன்னெண்டாவது விதியக் கட்டிக்கிட்டு குடும்பம் நடத்து."

வாடகையை நாள் தவறாமல் கட்டினேன். சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆன்டி வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதும், தோழியின் முகத்தை நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆன்டி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கையில் ஒப்பந்தத்தின் நகல், காதோரம் சிவப்புப் பேனா. கூடத்தில் நுழைந்ததும் சீலிங்கைப் பார்த்தார், எழுதினார். சமையலறையில் அலமாரிக் கதவைத் திறந்தார், அது அவர் கையோடு வந்தது, எழுதினார். மசாலா டப்பாக்கள் பெட்டிக்குள் போயிருந்ததால் டைலும் தப்பவில்லை. சாமி படம் மாட்டியிருந்த சுவர் அருகே நின்று மூக்கைச் சுளித்தார்.

"இங்க என்ன பெப்பர்மின்ட் வாசம்?"

நான் தோழியைப் பார்த்தேன். தோழி ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆணி ஓட்டைய பற்பசை வச்சு அடைச்சீங்களா?"

"கொஞ்சூண்டுதான் ஆன்டி," என்றாள் தோழி. "வெள்ளைக்கு வெள்ளை சரியா இருந்துச்சு."

"நாப்பது வருஷம் பிள்ளைங்கள மேய்ச்சவகிட்ட இந்த வேல வேணாம்." எழுதினார். பிறகு சமையல் மேடைக்குத் திரும்பி வந்தார். மொத்த வீட்டையும் பெட்டி கட்டியிருந்தோம். மேடையில் தனியாக ரைஸ் குக்கர் மட்டும் உட்கார்ந்திருந்தது, அப்பாவி போல.

"இதத் தூக்கு."

"உள்ள சோறு இருக்கு ஆன்டி."

"சோத்தோட தூக்கு."

தூக்கினேன். இரண்டு ஆண்டு இருட்டில் பாதுகாத்த மஞ்சள் வட்டம், நேற்று வழிந்தது போலப் பளிச்சென்று இருந்தது.

அலமாரிக் கதவு எழுநூறு, சீலிங் அறுநூறு, டைல் முந்நூறு, ஆணி ஓட்டைகள் நூறு, மேடைக் கல்லை மாற்ற ஆயிரத்து இருநூறு. கூட்டி அடிக்கோடு போட்டு என் கையில் கொடுத்தார். மூவாயிரத்து இருநூற்றில் எனக்கு மிஞ்சுவது முந்நூறு. கிள்ளான் பால்கனி கண்ணெதிரே மடங்கி உள்ளே போனது.

"ஆன்டி, கதவும் சீலிங்கும் டைலும் நாங்க வரும்போதே அப்பிடித்தான் இருந்துச்சு."

"எழுதி அனுப்பச் சொன்னேனே, அனுப்புனியா?"

நாற்பத்திரண்டு வரிக் காலிப் பட்டியல் நினைவுக்கு வந்தது.

"படமாச்சும் இருக்கா?"

உதட்டைப் பிதுக்கினேன்.

"வாய்ல சொன்னா நான் எப்பிடி மார்க் போட? இருந்தா கொண்டா, பாக்கிறேன். வியாழக்கெழம மறுபடி வரேன்."

நியாயமாகவே பேசினார், அதுதான் எரிச்சலாக இருந்தது. சண்டை போடவும் வழி இல்லை. சிறு தொகை வழக்குகளுக்கு வக்கீல் இல்லாமலேயே மஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம் என்பதை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். வெறுங்கையோடு போய் என்ன சொல்ல? அதுவும் சனிக்கிழமைக்குள்?

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஒங்களாலதான். அன்னைக்கு ஒரு படம் எடுக்க விட்டீங்களா?"

"எடுக்கலயா? நான் எத்தன எடுத்தேன்!" என்றார் அம்மா. "பானை, பால், நீ, அவ, எல்லாம் என் ஹேண்ட்போன்லயே இருக்கு. நான் எதையும் அழிக்கிறதில்ல."

மடச்சி, மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன். குறையைப் படமெடுக்கத்தான் தடை. பாலைப் படமெடுக்க யார் தடுத்தது? அம்மா எடுக்கும் செல்ஃபியில் எப்போதும் கால்வாசி முகம், முக்கால்வாசி சீலிங். கைப்பேசியை இடுப்பு உயரத்தில் பிடிப்பது அவருடைய பாணி. அதைக் கேலி செய்த அத்தனை முறைக்கும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லாத்தையும் அனுப்புங்க. இப்பவே."

அனுப்பினார். எனக்கு அல்ல, குடும்பக் குழுவுக்கு. பால் பொங்கும் படங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன. இரண்டாவது நிமிடத்தில் கோல சிலாங்கூர் பெரியம்மா "புது வீட்டுக்கு வாழ்த்துகள் கண்ணு" என்றார். ஒரு மாமா மூன்று குத்துவிளக்குப் படம் போட்டார். சித்தி ஒருவர், எங்களைச் சொல்லவே இல்லையே, இப்போதெல்லாம் பெரிய ஆளாகிவிட்டாய் என்று வருத்தப்பட்டார். வீட்டிலிருந்து துரத்தப்படாத குறையாக நின்றுகொண்டு முப்பது பேருக்கு நன்றி சொன்னேன்.

ஆனால் படங்கள் தங்கம். அம்மாவின் காதுக்கு மேலே, தெளிவாக, பழுப்புத் திட்டு. தோழி கற்பூரம் காட்டும் படத்தில் அவளுக்குப் பின்னால் அலமாரிக் கதவு கீழே தொங்குகிறது. எந்த நாள், எத்தனை மணி என்பதெல்லாம் படங்களுக்குள்ளேயே பதிந்திருந்தன. குழுவில் வந்தால் அந்த விவரம் கழன்றுவிடும் என்பதால் மூலப் படங்களை மறுபடி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பவைத்தேன். அதை அம்மாவுக்கு விளக்க ஒரு மணி நேரமும் என் மிச்சப் பொறுமையும் செலவாயின.

டைலுக்குத்தான் சிக்கல். விரிசல் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றே ஒன்று, பால் பொங்குவதற்கு முன் எடுத்தது. அதன் கீழ்ப்பாதியில் சமையல் மேடை, பால் போல வெள்ளையாக, ஒரு பொட்டு கறை இல்லாமல். கறையும் முன்பே இருந்ததுதான் என்று சொல்லிப் பார்க்கும் எண்ணம் எனக்கு இருந்தது. டைலைக் காப்பாற்றும் படமே மேடைக் கறையில் என்னை மாட்டிவிடும்.

"கீழ வெட்டிரு," என்றாள் தோழி.

"அது ஏமாத்து வேல."

"அப்ப டைலோட முந்நூறு வெள்ளிய விடு."

வெட்டினேன். ஓரம் நேராக வரவில்லையென்று இன்னொரு முறையும் வெட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். ஆன்டி கண்ணாடியை மாற்றிக்கொண்டு என் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். முதல் படம், தேதி, நேரம். சீலிங்கை அண்ணாந்து பார்த்து, படத்தைப் பார்த்து, சிவப்புப் பேனாவால் அறுநூறை அடித்தார். இரண்டாவது படம், எழுநூறும் போனது. எனக்கு உள்ளுக்குள் குத்தாட்டம். மூன்றாவது படத்தைத் திறந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது மட்டும் ஏன் குட்டையா இருக்கு?"

"எது ஆன்டி?"

"மத்த படமெல்லாம் நீட்டு. இது கட்டை. கீழ்ப்பாதி எங்க?"

பேச்சை மாற்ற எதையாவது தேடினேன். மோனோரயில் கூட அந்த நேரம் பார்த்து வரவில்லை.

"முழுப் படத்தக் காட்டும்மா."

காட்டினேன். அவர் வெள்ளை மேடையைப் பார்த்தார், எழுந்து போய் மஞ்சள் மேடையைப் பார்த்தார், திரும்பி வந்து என்னைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பில் காப்பியடித்து மாட்டியதற்குப் பிறகு என் காது அப்படிச் சுட்டதில்லை.

"அது நாங்கதான் ஆன்டி," என்றேன். "பால் காய்ச்சினப்ப வழிஞ்சது. அன்னைக்கே துடைச்சிருந்தா போயிருக்கும். துடைக்கல. மேல குக்கர வச்சு மறைச்சோம். படத்த வெட்டினதும் நான்தான்."

"பால் எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"ஆங்?"

"எந்தப் பக்கமா வழிஞ்சிச்சுன்னு கேக்கிறேன்."

"கெழக்க ஆன்டி."

"கெழக்கன்னா நல்லது." தலையை ஆட்டி டைலின் முந்நூறை அடித்தார். "வீட்டுக்கு நல்லது. கல்லுக்கு நல்லது இல்ல. ஆயிரத்து இருநூறு அப்பிடியேதான்."

நின்று பேச எனக்கு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதையும் முந்தின நாளே தேடி வைத்திருந்தேன்.

"கல்ல மாத்த வேணாம் ஆன்டி. மேல் பூச்சுலதான் கறை, தேய்ச்சு பாலிஷ் போட்டா போயிரும்னு ரெண்டு கடையில எழுதி வாங்கியிருக்கேன். ஒருத்தர் முந்நூறு கேக்கிறாரு, இன்னொருத்தர் முந்நூத்தி ஐம்பது. ஒப்பந்தத்துல நாங்க கெடுத்தத சரி செய்ற செலவுன்னுதான் இருக்கு, புதுசா வாங்கித் தர்ற செலவுன்னு இல்ல."

ஆன்டி ஒப்பந்தத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தார். உதடு அசையப் படித்தார். "நல்லாத்தான் படிச்சிருக்க," என்றார். "மொத நாள் அனுப்ப வேண்டிய கடுதாசிய மட்டும் அனுப்பல."

"நல்ல நாள்ல குறை சொல்லக் கூடாதுன்னு அம்மா..."

"அதுக்கு மறுநாளும் நல்ல நாளா? அந்த வாரம் பூராவுமா?"

தோழி சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருப்பேன், மூவாயிரம் ரிங்கிட் அந்தரத்தில் தொங்காவிட்டால்.

கல்லுக்கு முந்நூறு மட்டும் பாலிஷ் கணக்கில் ஏறியது. ஆணி ஓட்டைகளுக்கு ஐம்பது. ஆணி அடிப்பது இயல்பான தேய்மானம் என்று வாதாடிப் பார்த்தேன். ஆணி தேய்மானம்தான், பற்பசை தேய்மானம் இல்லை என்றார். அதற்கு என்னிடம் விதி எண் இல்லை. மிச்சம் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. இருவரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், நான் படமெடுத்தேன். இந்த முறை நேராகப் பிடித்து.

"சனிக்கெழமக்குள்ள குடுக்க முடியுமா ஆன்டி? கிள்ளான் வீடு கை நழுவிப் போயிரும்."

"ஒப்பந்தத்துல பதினாலு நாள்னு இருக்கு. அதையும் நீ படிச்சிருப்பியே."

படித்திருந்தேன். அந்த விதியை எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவர் வீட்டில் பால் பொங்காமல் போகட்டும் என்று அந்த நொடியில் நினைத்தேன்.

"தெரியும் ஆன்டி. உங்களுக்கு அவ்வளவு நாள் இருக்கு. நான் கேட்டுத்தான் பாக்கிறேன்."

ஆன்டி பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டார். சாவிக் கொத்தை வாங்கி எண்ணிப் பார்த்தார், சனிக்கிழமை கதவைப் பூட்ட ஒன்றை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். 

வெள்ளிக்கிழமை முழுவதும் வங்கிச் செயலியைத் திறந்து மூடினேன். சனிக்கிழமை காலை லோரி வந்தது. அதுவரை ஒரு காசும் வரவில்லை. லோரிக்காரர் பெட்டிகளை ஏற்றிவிட்டு, "எங்க தங்கச்சி போவணும், கிள்ளானா ரவாங்கா? ரெண்டும் ரெண்டு திசை," என்று கேட்டார். எனக்கே தெரியாது. "ஒரு தே தாரேக் குடிச்சிட்டு வந்திருங்க அண்ணே," என்று அனுப்பிவைத்தேன். அவர் தேத்தண்ணீரை ஆற்றி ஆற்றி இரண்டாவது கோப்பைக்கு வந்தபோது கைப்பேசி துடித்தது. இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. குறிப்பு என்ற இடத்தில் ஆன்டி "வீட்டு டெபாசிட், பாக்கி இல்லை" என்று எழுதியிருந்தார். ஒற்றெழுத்துக் கூடத் தப்பவில்லை.

அந்தப் பணம் என் கணக்கில் நான்கு நிமிடம் இருந்தது. அதற்குள் கிள்ளான் அங்கிளுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

"அங்கிள், கட்டைவிரல் பத்தாது. என்னத்துக்கு வாங்கினீங்க, எவ்வளவு, எப்ப திருப்பித் தருவீங்கன்னு ரசீது வேணும்," என்று குரல் பதிவு அனுப்பினேன்.

"குடிவர முன்னாலயே திருப்பிக் குடுக்கச் சொல்றியேம்மா," என்று அவரும் குரலில் அனுப்பினார், பின்னணியில் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் எழுதி அனுப்பினார். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது, எண் மட்டும் சரியாக இருந்தது.

"கிள்ளான் அண்ணே," என்றேன், லோரியில் ஏறிக்கொண்டு.